திருடு போகாத பலகை

1

இது கதையாகியிருக்கவே கூடாது. ஒரு பக்கத்தில் முடிந்திருக்க வேண்டிய காகிதம். என் தங்கை போன ஞாயிற்றுக்கிழமை வந்து, செருப்பைக் கழற்றும்போதே பேச்சை ஆரம்பித்துவிட்டாள். சாலைத்துறை அலுவலகத்துக்குப் புது அதிகாரி வந்திருக்கிறாராம். காதுகொடுத்துக் கேட்கிற ஆளாம். அங்கே சுவரில், திருட்டுப் பலகை வாங்கும் பழைய இரும்புக் கடைக்காரர்கள் என்று ஒரு பட்டியல் தொங்குகிறது. அதில் மூன்றாவது பெயர் அவள் வீட்டுக்காரர் பெயர். பத்தொன்பது வருடமாகத் தொங்குகிறது. அந்தக் காலத்தில் பலகைப் பிரிவில் வேலை பார்த்த யாராவது, நடந்தது இன்னது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பெயரை எடுத்துவிடலாம் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

"அப்ப இருந்த ஆளுங்கள்ல நீ ஒருத்தன்தான் உசுரோட இருக்கேண்ணே," என்றாள். "கடை கிடை எதுவும் வேணாம். செவுத்துல இருந்து பேரு இறங்குனா போதும்."

எழுதித் தருகிறேன் என்றேன். உட்கார்ந்தேன். வந்தது இது.

நான் ஐந்தாவது வரைக்கும் போனவன். முப்பத்தொரு வருடம் சாலைப் பலகை நட்டவன். கதை எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நடக்காததை நடந்த மாதிரி சொல்கிறார்கள். நான் நடந்ததை நடக்காத மாதிரி சொல்லப் பார்த்தேன். அதற்கும் கதைதான் வசதியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மதிப்புக்குரிய ஐயா, நான் மேற்படி பிரிவில் முப்பத்தொரு வருடம் நேர்மையாகப் பணிபுரிந்து—"

நேர்மையாக என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. மை தீர்ந்துவிட்டதோ என்று உதறிப் பார்த்தேன். மை இருந்தது.

இரண்டாவது தொடக்கம்: "ஓர் ஊரில் ஒரு பலகை மேஸ்திரி இருந்தான். அவன் ரொம்ப நல்லவன்." என் வீட்டுக்காரி பட்டாணி உரித்துக்கொண்டே இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். யார் இவன், நம்ம பக்கத்து ஆளா, நான் பார்த்ததே இல்லையே என்றாள். கிழித்துவிட்டேன்.

மூன்றாவதில் ஒரு குடிகாரனைக் கொண்டுவந்தேன். நெட்டையன், ஒரு கால் இழுத்து நடப்பான், ஊரில் யாருக்கும் உறவில்லை. வளைவில் இருந்த பலகையை அவன் கழற்றிக்கொண்டு போனான் என்று எழுதினேன். அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இரண்டு பக்கம் அவனோடேயே போனேன். வீட்டுக்காரி இதையும் கேட்டாள்.

"நிக்கவே தள்ளாடுறவன், ஏணியப் போட்டு ஏறி, நாலு நட்டக் கழட்டி, மூணடித் தகட்ட இறக்கினானா? அவ்வளவு சாமர்த்தியம் இருந்தா உங்க வேலைய அவனுக்கில்ல குடுத்திருக்கணும்."

சரிதான். நான் நட்ட பலகையைக் கழற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

(குடிகாரனைக் கதையை விட்டு அனுப்பிவிட்டேன். செய்யாத குற்றத்திலிருந்து தப்பித்த ஆள் இந்தக் கதையில் அவன் ஒருவன்தான்.)

3

கொஞ்சம் கட்டுரை மாதிரிப் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அறிவு இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

சாலைப் பலகைக்கு எதிரிகள் இரண்டு வகை. முதல் வகை, வேலை இல்லாதவன். கல்லால் அடிப்பான், சாயம் பூசுவான், விளம்பரத்தாள் ஒட்டுவான். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் நடந்துபோகிற படம் போட்ட பலகை உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு ஒருத்தன் மீசை வரைந்தான். நான் துடைத்தேன், அவன் வரைந்தான். ஆறாவது தடவை தாடியும் சேர்த்தான். அவன்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. மீசை முளைத்தாலும் பிள்ளைகள் நடந்துகொண்டுதான் இருந்தன. ஓட்டுகிறவனுக்கு விஷயம் புரியும்.

இரண்டாவது வகை, வேலை தெரிந்தவன். பலகையையே முழுசாகக் கழற்றிக்கொண்டு போய்விடுவான். தகடு அலுமினியம், கம்பம் இரும்புக் குழாய். கோழிக் கூண்டுக்குக் கதவாகும், குளிக்கிற இடத்துக்கு மறைப்பாகும், ஒன்றுக்கும் ஆகாவிட்டால் உருக்கப் போகும்.

இவனுக்காக நான் செய்தவை. கம்பத்தின் அடியில் குறுக்காக ஒரு கம்பியைப் பற்றவைத்துக் கான்கிரீட்டில் புதைத்தேன், இழுத்தால் வராது. நட்டை முறுக்கிய பிறகு போல்ட்டின் முனையைச் சுத்தியலால் நசுக்கினேன். ஸ்பானர் போட்டாலும் சுற்றாது. தகட்டின் ஓரமெல்லாம் துளை போட்டேன். துளை விழுந்தது மறைப்புக்கு ஆகாது. முதுகுப்பக்கம் சிவப்புச் சாயத்தில் 'துறைச் சொத்து' என்று என் கையாலேயே எழுதினேன்.*

கடைசியாக, பழைய இரும்புக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, பலகை வந்தால் வாங்காதே என்று சொன்னேன். அதில் ஒரு கடை என் தங்கை வீட்டுக்காரருடையது. நான் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். இந்தக் கதையிலும் அவருக்கு அதுதான் பெயர். அவர் சிரித்தார். "உங்க பலகைய வாங்கி நான் என்ன மச்சான் பண்றது? அதுல தகட்டவிட ஓட்டைதான் அதிகம். தராசுல வச்சா காத்துதான் நிக்கும்."

* என் எழுத்து கோணலாக இருக்கும். எந்தக் கூட்டத்தில் போட்டாலும் என் பலகையை நான் கண்டுபிடித்துவிடுவேன். அப்போது அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

4

எல்லாப் பலகையையும் காப்பாற்றினேன், ஒன்றைத் தவிர. கல் குவாரியைத் தாண்டினால் சாலை முழங்கை மாதிரி மடங்கும். மடங்குகிற இடத்தில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அங்கே வைத்த வளைவுப் பலகை நான்கு மாதத்தில் மூன்று தடவை போனது. மூன்று தடவையும் சனி, ஞாயிறில்தான். அன்றைக்குக் குவாரி மூடியிருக்கும், ஆள் நடமாட்டம் இருக்காது. மூன்றாவது தடவை போல்ட்டை ஒன்றும் செய்ய முடியாமல், கம்பத்தையே ரம்பம் போட்டு அறுத்திருந்தான். மரியாதையாகத்தான் இருந்தது எனக்கு.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஓர் அதிகாரி வந்தார். வாசலில் கரும்பலகை ஒன்றை மாட்டி, 'திருட்டு இல்லாத நாட்கள்' என்று எழுதினார். தினமும் காலையில் அவரே வந்து பழைய எண்ணை அழித்து, ஒன்று கூட்டி எழுதுவார். ஒரு பலகை போனால் மறுபடி பூஜ்யம். சின்னப் பிள்ளைகள் விளையாட்டு மாதிரி இருக்கிறதே என்று நாங்கள் முதலில் சிரித்தோம். இருபது வந்தபோது சிரிப்பு நின்றது. நாற்பது வந்தபோது, அந்த எண்ணைப் பார்க்காமல் யாரும் தேநீர் குடிக்கப் போவதில்லை.

நாற்பத்தொன்றாவது நாள் ஒரு சனிக்கிழமை. மத்தியானம் வளைவுக்குப் போய், நான்காவதாக மாட்டியிருந்த பலகைக்குக் கீழே நின்றேன். இன்றைக்கோ நாளைக்கோ இது போய்விடும். போகாமல் இருக்க வேண்டுமென்றால்—

(இந்த வாக்கியத்தை முடிக்கக் கூச்சமாக இருக்கிறது. அன்றைக்கு அது எனக்கு ரொம்பப் புத்திசாலித்தனமாகப் பட்டது.)

நானே கழற்றினேன். சாக்கில் சுற்றி, சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து, கிடங்கில் சிமென்ட் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினேன். திங்கட்கிழமை காலை கொண்டுபோய் மாட்டினேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி கழற்றினேன். சுலபமாகக் கழற்ற வேண்டுமே என்று அந்த நான்கு போல்ட்டை மட்டும் நசுக்காமல் விட்டேன்.

திருடனிடமிருந்து பலகையைக் காப்பாற்றிவிட்டேன். சனி, ஞாயிறு அந்த வழியாக வருகிறவனுக்கு வளைவைச் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன். ஆனால் அதுதான் நிஜம். நட்டு நட்டு, காவல் காத்துக் காத்து, சாலைக்காகப் பலகை என்பது போய், பலகைக்காகத்தான் சாலை போட்டிருக்கிறார்கள் என்று ஆகிவிட்டது எனக்கு.

கரும்பலகையில் நூறு வந்தது. அதிகாரி எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நூற்றுப் பதின்மூன்றாவது நாள், திங்கட்கிழமை. எனக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. பலகை கிடங்கில் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை மழை. அந்தச் சாலைக்குப் புதிதாக வந்த ரொட்டி வேன் ஒன்று, மடங்காமல் நேராகப் போய்ப் பள்ளத்தில் இறங்கியது. ஓட்டுநருக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது.*

* கை கூடிவிட்டது என்று கேள்விப்பட்டேன். விரல்கள் முழுக்க மடங்காது என்றும் கேள்விப்பட்டேன். இதன் முதல் பிரதியில், பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்ததாக எழுதியிருந்தேன். பொய். போகவில்லை.

5

(இந்தப் பகுதியை மூன்று தடவை கிழித்தேன். முதல் தடவை 'நான்' என்பதற்குப் பதிலாக 'மேஸ்திரி' என்று எழுதினேன். இரண்டாவது தடவை 'எல்லோரும்' என்று எழுதினேன். மூன்றாவது தடவை காய்ச்சலை நூற்று நான்கு டிகிரி ஆக்கினேன். நூறுதான்.)

அதிகாரி ஆள் அனுப்பி என்னை வரவழைத்தார். வெள்ளிக்கிழமை பார்த்தேன் ஐயா, பலகை இருந்தது என்றேன். அது உண்மை. அப்படியானால் திருட்டு என்று எழுதினார்கள். அதிகாரி போய் நூற்றுப் பதின்மூன்றை அழித்துப் பூஜ்யம் போட்டார். கிடங்குச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அவர் பூஜ்யம் போடுவதைப் பார்த்து நானும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

போலீஸ் பழைய இரும்புக் கடைகளில் தேடியது. பலகையை அடையாளம் காட்ட என்னைக் கூட்டிப்போனார்கள். இரண்டு கடையில் ஒன்றும் இல்லை. மூன்றாவது, மாப்பிள்ளை கடை.

உள்ளே பழைய பேட்டரிகளை அடுக்கியிருந்தார். அதற்குக் கீழே, அமிலம் தரையில் ஒழுகாமல் இருக்க ஒரு தகடு. வளைவுப் பலகை. அதற்கு இரண்டு வருடம் முன்னால் லாரி மோதி நெளிந்துபோய், ஒன்றுக்கும் ஆகாது என்று ஒதுக்கிய பலகை. ஒதுக்கியதைக் கிடங்கிலேயே வைத்து ஏலத்தில் விட வேண்டும். வெளியே கொடுத்தால் வேலை போகும். நான் கொடுத்திருந்தேன். பேட்டரி வைக்கத் தோதாக ஏதாவது இருக்கா மச்சான் என்று அவர் கேட்டார், நான் சைக்கிளில் கொண்டுவந்து போட்டேன். நெளிவை அவர் சுத்தியலால் தட்டி நேராக்கிக்கொண்டார்.

போலீஸ்காரர் பேட்டரிகளை நகர்த்தித் தகட்டைத் திருப்பினார். சிவப்புச் சாயம். கோணல் எழுத்து. இது உங்கள் பலகைதானா என்று கேட்டார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பயமே இல்லை அவர் முகத்தில். பேருந்துக்கு நின்றவன், தூரத்தில் பேருந்து வருவதைப் பார்த்துவிட்ட முகம்.

"ஆமா," என்றேன். "துறைப் பலகைதான். வளைவுப் பலகைதான்."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. நான் பொய் சொல்லவில்லை என்று பத்தொன்பது வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

யார் கொண்டுவந்து போட்டது என்று அவரிடம் இரண்டு தடவை கேட்டார்கள். ஞாபகமில்லை என்றார். என் வேலை போய்விடும் என்று அப்படிச் சொன்னார். ஒதுக்கின தகட்டை வாங்கினதற்குத்தான் இந்தப் பாடு என்று நினைத்தார். கிடங்கில் வளைவுப் பலகை பத்திரமாக நின்றுகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. நான் செய்த சின்னத் தப்பை மறைக்கப்போய், என் பெரிய தப்பைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

பதினைந்து நாள் உள்ளே இருந்தார். கடைக்குச் சீல் வைத்தார்கள். பெயர் சுவரில் ஏறியது. சைக்கிள் நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிற வேலைக்குப் போனார், இன்னும் அங்கேதான். அங்கே வருகிறவர்கள் அவரை 'வளைவு' என்று கூப்பிடுகிறார்கள். ஏன் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.

மூன்று வாரம் கழித்து, கிடங்கிலிருந்த பலகைக்கு முகப்பில் புதுச் சாயம் அடித்து, புதுப் பலகை என்று சொல்லி அதே வளைவில் மாட்டினேன். இந்தத் தடவை நான்கு போல்ட்டையும் நசுக்கினேன். இன்றுவரை யாரும் அதைத் தொடவில்லை.

மாப்பிள்ளை சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். போடவில்லை. மாதம் ஒரு தடவை வருவார். என் முட்டிவலிக்குத் தைலம் வாங்கிவருவார். அவரே தேய்த்தும் விடுவார்.

6

இதுவரை எழுதியதை இன்று காலை வீட்டுக்காரி படித்தாள். இந்தத் தடவை என்னைப் படிக்கச் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி விரலை வைத்து அவளே படித்தாள். ஏதாவது கிண்டலாகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அதைத்தான் எதிர்பார்த்தேன் என்று சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

"சாவி உங்க பையிலதான் இருந்துச்சா?"

"ஆமா."

"அந்தப் பதினஞ்சு நாளும்?"

"ஆமா."

தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கினாள். பிறகு, தாள்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அந்தப் பதினஞ்சு நாளும் உங்க தங்கச்சி இங்கதான் கெடந்தா. இதோ, இந்தச் செவுத்தோரமா. நான் தலையத் தடவிக்கிட்டு இருந்தேன். நீங்க அந்த நாற்காலியில உக்காந்து, 'அழாத, சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல'ன்னீங்க. அத ஏன் எழுதல?"

மறந்துவிட்டேன் என்றேன்.

"மறக்கல," என்றாள். "எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

7

முடிவுகள்.

ஒன்று. எல்லாவற்றையும் மாப்பிள்ளையிடம் சொல்கிறேன். அவர், விடுங்க மச்சான், பழசையெல்லாம் கிளறிக்கிட்டு, என்கிறார். இருவர் கண்ணிலும் நீர். இதை எழுதியபோது எனக்கே அழுகை வந்தது. வீட்டுக்காரி பார்த்துவிட்டு, இது அவர் பேசுகிற பேச்சு இல்லை, உங்களுக்கு வேண்டியிருக்கிற பேச்சு என்றாள்.

இரண்டு. சொல்கிறேன். அவர் என்னை அறைகிறார். நான் கீழே விழுகிறேன், தெருவே கூடுகிறது. ருசித்து ருசித்து எழுதினேன். ஒரு பல்கூட விழுந்தது. பிறகுதான் பார்த்தேன், இதிலும் ஓர் அறையோடு நான் வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் படுத்துக்கொள்கிறேன்.

மூன்று. அதிகாரிக்குப் பதினொரு வரியில் ஒரு கடிதம். 'மேற்படி கடையில் கிடைத்தது பழைய, ஒதுக்கப்பட்ட பலகை. அதை அவருக்குக் கொடுத்தவன் நான். அவர் திருட்டுப் பொருள் எதையும் வாங்கியவர் இல்லை. வளைவில் இருந்த பலகையைத் திருடியவர் யார் என்று தெரியவில்லை.'

இந்தக் கடைசி வரி தவிர மற்றதெல்லாம் உண்மை. இந்தக் கடிதம் போதும், பெயர் இறங்கிவிடும். நான் ஓய்வு பெற்று வருடம் பல ஆகிவிட்டது. ஒதுக்கின தகட்டைக் கொடுத்ததற்காக இப்போது யாரும் என்னை ஒன்றும் செய்யப் போவதில்லை. தங்கை சந்தோஷப்படுவாள். எத்தனை பெரிய மனசு என்று நாலு பேர் சொல்வார்கள். மாப்பிள்ளை எனக்கு நன்றி சொல்வார்.

நான் எழுதிய முடிவுகளில் நடக்கக்கூடியது இதுதான். எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டேன். இந்தத் தடவை பேனா எங்கேயும் நிற்கவில்லை.

8

வியாழக்கிழமை மத்தியானம். காகிதத்தை வாங்கிப்போகத் தங்கை வருவதாக இருந்தது. அவளுக்குப் பதிலாக மாப்பிள்ளை வந்திருக்கிறார். முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளறையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரி தண்ணீர் கொடுத்தது கேட்டது. மச்சானுக்கு முட்டி தேவலையா என்று அவர் விசாரித்ததும் கேட்டது. அவள் சொன்ன பதில் என் காதில் விழவில்லை.

அவள் உள்ளே வந்தாள். மேஜையில் இரண்டு காகிதம்: பதினொரு வரிக் கடிதம் ஒன்று, இந்தக் கட்டு ஒன்று. இரண்டையும் பார்த்தாள். இரண்டையும் தொடவில்லை.

"நான் எதையும் கொண்டுபோய்க் குடுக்க மாட்டேன்," என்றாள், அவருக்குக் கேட்காத குரலில். "உங்க தங்கச்சிகிட்டயும் சொல்ல மாட்டேன். இது உங்க வாயால வரணும். இல்லன்னா வராமலே போகட்டும். ஆனா அதுக்கப்புறம் அவரு தைலம் தேய்க்க வந்தா, நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்."

போய்விட்டாள்.

படிக்கிறவரே, இப்போது உங்களிடம். முகம் தெரியாத உங்களிடம் எட்டுப் பகுதி சொல்லியிருக்கிறேன். முகம் தெரிந்தவருக்குப் பதினொரு வரி எழுதி வைத்திருக்கிறேன். இதைத் தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் எனக்கு யாருமில்லை, அதனால்தான் சொல்ல முடிந்தது. இன்னொன்று: இது உங்கள் கைக்கு வந்துவிட்டதாலேயே அவர் கைக்கும் போயிருக்கும் என்று எண்ண வேண்டாம். இந்த வீட்டுக்குப் பின்வாசலும் உண்டு. முன்னறை வழியாகப் போகாமலே ஒரு காகிதம் அச்சுக்குப் போய்ச் சேரலாம்.

அடுத்து நான் செய்ததை எழுதலாம். எழுதினால் என்னை நல்லவனாக எழுதிவிடுவேன். இல்லாவிட்டால், பார்க்கிறவர்கள் இரக்கப்படுகிற மாதிரிக் கெட்டவனாக எழுதிவிடுவேன். இரண்டும் எனக்குக் கைவந்துவிட்டது.

முன்னறையில் நாற்காலி நகர்கிறது. அவர் குரல்:

"மச்சான், மெதுவா எழுதுங்க. ஒண்ணும் அவசரமில்ல. பத்தொம்பது வருஷம் இருந்தாச்சு, இன்னும் பத்து நிமிஷம் இருக்க மாட்டேனா?"

பேனாவை மூடப்போகிறேன். எழுந்து, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போக வேண்டும். எதை எடுத்தேன் என்று சொல்ல மாட்டேன், சொன்னாலும் நம்பாதீர்கள். இவ்வளவு தூரம் என்னைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நான் எதை எடுக்கிற ஆள் என்று நீங்களே சொல்லுங்கள்.